அடைக்கப்பட்ட மரபணுக்கள்: வைரசும் புற்றுநோயும்

"புற்றுநோய் விதியா, பரம்பரையா, ஒட்டுநோயா?" என்று நம் தங்க வயல் லைன் வீடுகளில் தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. அறிவியல் ஆசிரியன் என்ற முறையில், நமக்குப் பழகிய சுரங்க வழக்கிலேயே விடை கூற முயல்கிறேன்.

நம் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை உள்ளது. அதில் ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் உண்டு. எல்லாம் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. வேலை முடிந்த லெவலின் வாயைப் பலகையடித்து அடைப்பதுபோல், தேவையற்ற மரபணுக்களை உடல் அடைத்து வைக்கிறது. பாறை உள்ளே அப்படியே இருக்கும். ஆள்தான் நுழைய முடியாது. அந்தப் பலகைக்குப் பெயர் மெத்தில். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த சிறு தொகுதி அது. அதை டி.என்.ஏ.யில் ஒட்டும் நொதிதான் தச்சன்.

தச்சன் இடம் மாறிப் பலகை அடித்தால்? 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டு, பம்புகள் நின்றபின் உள்ளே நீர் நிரம்பியதை நாம் அறிவோம். அதுபோல, உயிரணுப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காவல் மரபணுக்கள் அடைபட்டால் உயிரணுக்கள் கட்டின்றிப் பெருகும். அதுவே புற்றுநோய்க்கு வழி.

சில வைரஸ்கள் இந்தத் தச்சனையே ஏவுகின்றன. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் பாப்பிலோமா வைரஸ். இதை நிறுவிய ஜெர்மானியர் ஹரால்டு சுர் ஹௌசன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வைரசின் ஈ7 என்னும் புரதம் மெத்தில் ஒட்டும் நொதியைப் பற்றி அதன் வேகத்தைக் கூட்டுகிறது. ஹெப்படைட்டிஸ் பி வைரசின் எக்ஸ் புரதம் கல்லீரலில் இதே நொதியைப் பெருக்குகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் உள்ள இரைப்பைப் புற்றுகளில் மெத்தில் மிக அதிகமாகப் படிந்திருப்பதை 2014-இல் வெளிவந்த பெரிய ஆய்வு காட்டியது. வைரசை ஒடுக்க உடலே அடிக்கும் பலகைகளும் உண்டு என்பதையும் மறக்கலாகாது.

இதில் நமக்கு ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. மெத்தில் படிவதால் டி.என்.ஏ.யின் எழுத்து அழிவதில்லை. அடித்த பலகையைப் பெயர்க்கவும் முடியும். அவ்வாறு பெயர்க்கும் அசாசிட்டிடின் என்ற மருந்து 2004 முதல் எலும்பு மச்சை நோய்க்குப் பயன்படுகிறது. கருப்பை வாயில் படிந்த மெத்திலைக் கண்டு முன்கூட்டியே எச்சரிக்கும் சோதனைகளும் வந்துள்ளன.

ஆயினும் மருந்தைவிட முந்திக்கொள்வதே மேல். பாப்பிலோமா தொற்று பெரும்பாலோருக்குத் தானே அகன்றுவிடும். அகலாமல் தங்கினாலும் புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த அவகாசம்தான் நம் கையிலுள்ள பொன். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுள்ள 31,343 பெண்களுக்குச் செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிச் சோதித்தனர். சோதனை வசதி அளிக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் அறிவித்தனர். பெரிய கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் வேலைக்குச் செல்லும் நம் சகோதரிகளுக்கு ஒருநாள் கூலி போவது எளிதன்று, கூச்சமும் தடுக்கிறது. ஆனாலும் 30 வயது கடந்தவர்கள் சோதனைக்கு ஒருநாள் ஒதுக்குங்கள். இரத்தப்போக்கு முறைதவறினால் காத்திராதீர்கள். பெங்களூரில் 1973 முதல் கித்வாய் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குப் பாப்பிலோமா தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஹெப்படைட்டிஸ் பி ஊசி போடச் செய்யுங்கள்.

இந்நோய் யாருடைய பாவமும் அன்று. யாருடைய தலையெழுத்தும் அன்று. கணவன்மார்களே, சோதனைக்குச் செல்லும் நாளில் நீங்களும் உடன் செல்லுங்கள்.