விசைப்படகில் எண்ணெய் அளவு காணும் முறை

இறைவை இயந்திரத்தில் டீசல் தீர்ந்து போனால், உழவர் கேனை எடுத்துக்கொண்டு சாலைக்கு நடக்கிறார். அரை நாள் பாய்ச்சல் கெடும், அவ்வளவே. கரை மறைந்த தொலைவில் படகின் டீசல் தீர்ந்தால் நடந்து போக வழியில்லை. இயந்திரம் நின்ற படகு, காற்றும், நீவாடு என்று மீனவர் கூறும் நீரோட்டமும் இழுத்த பக்கமே செல்லும். பாக் நீரிணையில் 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் வகுக்கப்பட்ட கடல் எல்லையை அது அறியாமலே கடந்துவிடவும் கூடும். இத்தகைய விபத்துக்கு, முன்பலகையில் உள்ள அளவுமானியை அப்படியே நம்புவது ஒரு காரணமாகிறது. கடலோர ஊராட்சி உறுப்பினர்கள் இதைப்பற்றி அறிந்திருத்தல் நன்று.

அளவுமானியின் முள் எண்ணெயை அளப்பதில்லை என்பதை முதலில் உணர வேண்டும். தொட்டிக்குள் ஓரிடத்தில் மிதக்கும் மிதவையின் உயரத்தையே அது காட்டுகிறது. மிதவை ஏறி இறங்க, அதனோடு இணைந்த மின்தடை மாறுகிறது. அதற்கேற்ப முள் நகர்கிறது. சமதரையில் நிற்கும் வண்டிக்கு இது ஒருவாறு போதும். படகோ ஓடும்போது அணியத்தைத் தூக்கிக்கொள்கிறது. எண்ணெய் பின்புறம் சேர்கிறது. மிதவை பின்புறம் இருந்தால் முள் கூடுதலாகவும், முன்புறம் இருந்தால் குறைவாகவும் காட்டும். வரப்புச் சரிவில் டிராக்டரை நிறுத்தி முள்ளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

இதனினும் பெரிய ஏமாற்றம் தொட்டியின் வடிவத்தில் உள்ளது. படகின் அடிப்பாகத்துக்குப் பொருந்துமாறு பல தொட்டிகள் கீழே குறுகியும் மேலே விரிந்தும் இருக்கின்றன. முக்கோண வடிவத் தொட்டியில் பாதி உயரம் எண்ணெய் இருந்தால், உள்ள அளவு பாதியன்று, கால் பங்குதான். 10 குதிரைத்திறன் டீசல் இயந்திரம் முழுச் சுமையில் மணிக்குச் சுமார் இரண்டரை லிட்டர் குடிக்கும். தொட்டி 40 லிட்டர் கொள்வது என்று வைத்துக்கொள்வோம். முள் பாதியில் நிற்கிறது. 20 லிட்டர் இருக்கிறது, 8 மணி நேரம் ஓடும் என்று கணக்கிட்டு, 4 மணி நேரம் நேராக வெளியே செல்கிறார் படகோட்டி. உண்மையில் இருந்தது 10 லிட்டரே. திரும்ப வேண்டிய இடத்திலேயே இயந்திரம் நின்றுவிடும்.

உப்புக் காற்றில் கம்பிகளின் முனைகள் பூத்துப் போவதும் உண்டு. இதனால் விளையும் பிழை அளவுமானியின் வகையைப் பொறுத்தது. ஒரு வகையில் தொட்டி காலியானால் தடை 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். மற்றொரு வகையில் காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். துருவினால் தடை கூடுமாதலால், முதல் வகை உள்ளதைக் குறைத்துக் காட்டும். இது தொல்லை மட்டுமே. இரண்டாம் வகை இல்லாத எண்ணெயை இருப்பதாகக் காட்டும், இதுவே அபாயம். ஒரு வகை மிதவையையும் மறு வகை முள்ளையும் சேர்த்துப் பொருத்தினாலோ, எண்ணெய் குறையக் குறைய முள் ஏறிக்கொண்டே போகும்! புதிதாக வாங்குவோர் இரண்டும் ஒரே வகைதானா என்று கடையிலேயே கேட்டறிதல் வேண்டும்.

அளவுமானியைப் பழுது பார்ப்பது நல்லதே. ஆயினும் நாம் நம்பத்தக்கது அளவுகோல்தான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பழுது பார்த்த படகை மீண்டும் நீரில் இறக்கியதும் இவ்வேலையைச் செய்யலாம். கரையில் ஏற்றி வைத்த படகு சாய்ந்திருக்குமாதலால் அங்கே அளப்பது பயன்படாது. வலையும் ஐஸும் வழக்கம்போல் ஏற்றி, காலித் தொட்டியில் முத்திரையிட்ட அளவுக் கலத்தால் 5 லிட்டர் ஊற்றவேண்டும். நேரான மரச்சட்டத்தை வாய் வழியே அடிதொட இறக்கி, நனைந்த இடத்தில் கத்தியால் கீற வேண்டும். மேலும் 5 லிட்டர், மேலும் ஒரு கீறல். இவ்வாறே நிறையும் வரை. கீறல்கள் கீழே அகன்றும் மேலே நெருங்கியும் அமைவதைக் கண்டால், முள் ஏன் ஏமாற்றுகிறது என்பது கண்ணுக்கே விளங்கும். சட்டத்தில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டால் நனைந்த கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோல் அந்தத் தொட்டிக்கு மட்டுமே உரியது. பக்கத்துப் படகுக்காரர் இரவல் கேட்டால் கொடுத்துப் பயனில்லை. பீடி, சிகரெட்டு அருகில் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

கோல் காட்டுவது முழுவதும் எண்ணெயாகாது. டீசலை விடக் கனமான நீர் அடியில் தங்கும். உறிஞ்சு குழாயும் அடிவரை எட்டுவதில்லை. ஆகவே கடைசிச் சில லிட்டர் இயந்திரத்துக்கு வராது. அவற்றைக் கணக்கில் சேர்க்கலாகாது.

கோலுக்குத் துணையாக மணிக்கணக்கு வேண்டும். புறப்படுமுன் தொட்டியை நிரப்பி, ஓடிய மணிகளைக் குறித்து, திரும்பியதும் அதே மட்டத்துக்கு நிரப்பினால், மணிக்கு எவ்வளவு என்பது வகுத்தலில் வந்துவிடும். வலை இழுக்கும் நேரத்தையும் வெறுமனே ஓடும் நேரத்தையும் தனித்தனியே எழுதுவது நல்லது. இவ்வாறு அறிந்த எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு கையிருப்பு என்பது கடலோடிகள் பல நாடுகளில் கைக்கொள்ளும் வழக்கம். எதிர்காற்று வீசும் நாளில் அந்தக் கையிருப்பே கரை சேர்க்கும்.

வெள்ளைக் கேனில் எண்ணெய் வைத்து ஓட்டும் சிறு படகுக்காரர் இத்தொல்லைகளிலிருந்து தப்பியவர்கள். மட்டம் வெளியிலேயே தெரிகிறது. பெரிய படகினரும் அடைத்த கேன் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் டீசல் முற்றிலும் தீர்ந்து நின்றால் குழாயில் காற்று புகுந்துவிடும். கேனில் உள்ளதை ஊற்றினாலும், காற்றை வெளியேற்றிய பின்பே இயந்திரம் கிளம்பும். அதைச் செய்யத் தெரிந்தவர் ஒருவரேனும் படகில் இருக்கவேண்டும். அதற்கான ஸ்பேனரும் இருக்கவேண்டும். முத்திரையிட்ட அளவுக் கலம் ஒன்றை ஊராட்சியோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ வாங்கித் துறையில் வைத்தால், எல்லாப் படகுகளுக்கும் அதுவே போதும்.