தோணி இயந்திரமும் நன்னீரும்

தூத்துக்குடித் தோணிகள் முன்னாளில் பாய் விரித்துக் காற்றின் வலியாலேயே கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்றன. பிற்காலத்தில் அவற்றுள் இயந்திரமும் இடம்பெற்றது. அதன் வெம்மையைத் தணிப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

கடல்நீரை நேரே உட்செலுத்துதல் எளிய வழியே. ஆயினும் அந்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புண்டு; அஃது இரும்பை அரிக்கும். வெப்பம் 60 பாகை செல்சியஸைக் கடப்பின் படிவு மிகுந்து நீர்வழியை அடைக்கும்.

இதற்கு மாற்று இரட்டைச் சுற்றாகும். இயந்திரத்தினுள் நன்னீரே மீண்டும் மீண்டும் சுழலும். வெப்பமாற்றி என்னும் கலத்தில் சிறு குழாய்களின் உள்ளே கடல்நீரும் புறத்தே நன்னீரும் ஓடும். வெம்மை கைமாறும், நீர் கலவாது. அரிப்பும் அக்கலத்தோடு நிற்கும். அங்குள்ள துத்தநாகத் துண்டு தான் கரைந்து பிறவற்றைக் காக்கும்.

பழைய இயந்திரத்தில் இதனை அமைப்போர், முதலில் உட்படிந்த உப்பைக் கழுவி நீக்கி, நன்னீருக்கெனத் தனிப் பம்பும் சேர்த்தல் வேண்டும். முன்னரே அரிப்பு முற்றியதற்கு இஃது உயிர்கொடாது.

விருத்தாசலத்துப் பீங்கான் உவர்நீருக்கு அஞ்சாது, இரும்போ அஞ்சும். நடுக்கடலில் இயந்திரம் நிற்பின் மாலுமிகளின் உயிர்க்கே இடராதலின், வருமுன் காத்தலே அறிவுடைமை.