பலன கோட்டை - கண்டி இராச்சியத்தின் மேற்கு வாயில்

கண்டி இராச்சியம் பற்றிய பாடத்தில் 1594, 1602, 1630, 1638 என்னும் போர் ஆண்டுகளை மாணவர்கள் பெரும்பாலும் மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஆனால் "போர்த்துக்கேயரால் கண்டியை ஏன் தக்கவைக்க முடியவில்லை?" என்ற வினாவுக்குப் பலர் "மலைகளும் காடுகளும் இருந்தன" என ஒரு வரியில் விடை எழுதி நிறுத்திவிடுவர். அந்த விடை பிழையன்று, ஆனால் போதாது. மலை உச்சியில் இருந்த ஒரு சிறு கோட்டை கைமாறிய வரலாற்றைப் பார்த்தால் இதற்கான காரணம் தெளிவாகும்.

அமைவிடம்

கடுகண்ணாவைக்கு அருகில், அலகல்ல மலைக்குப் பக்கத்தில் பலன அமைந்துள்ளது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதத்தில் சென்றிருப்பீர்களாயின், இகலகோட்டைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையில் இதே பெயருடைய சிறிய நிலையத்தைக் கண்டிருப்பீர்கள். சிங்கள மொழியில் 'பலனவா' என்றால் பார்த்தல் என்று பொருள். பெயருக்கேற்ப இது ஒரு காவல் பார்க்கும் இடமாகும். மேற்கே நான்கு கோறளையின் தாழ்நிலத்திலிருந்து படையொன்று ஏறிவருவதை இங்கிருந்து முன்கூட்டியே காணலாம். ஐரோப்பியக் கதைப் படங்களில் வரும் பெரிய மாளிகைக் கோட்டையை இங்கு எதிர்பார்க்க வேண்டாம். கற்களால் அமைந்த அரண்களும் காவற்படை தங்குவதற்கான இடமுமே இங்கு இருந்தன. ஒடுங்கிய மலைப்பாதையை அடைத்து நின்றதே இதன் பலம்.

தந்துறைப் போர் (1594)

பேரோ லோபெஸ் த சூசா என்னும் தளபதியின் கீழ் போர்த்துக்கேயர் பலன கணவாயினூடாகக் கண்டிக்குள் நுழைந்து, குசுமாசனதேவியை (தோன கதரீனா) அரியணையில் அமர்த்தினர். நகரம் அவர்களது கையில் இருந்தது, கணவாயும் திறந்திருந்தது. ஆயினும் சில மாதங்களில் அப்படை தந்துறையில் அழிந்தது. காரணம் என்ன? கொன்னப்பு பண்டாரன் சூழ்ச்சியாக அனுப்பிய கடிதமொன்றை நம்பிய போர்த்துக்கேயர், தமக்குத் துணைநின்ற ஜயவீர பண்டாரனைத் துரோகி எனச் சந்தேகித்துக் கொன்றனர். அதனால் அவனது லஸ்கரின் வீரர்கள் அவர்களைக் கைவிட்டுச் சென்றனர். லஸ்கரின் என்போர் போர்த்துக்கேயருக்காகப் போரிட்ட உள்நாட்டுப் படையினர் என்பதை நினைவிற் கொள்க. பாதை அறிந்தவர்களும் உணவு சேகரித்தவர்களும் சுமை தூக்கியவர்களும் உள்நாட்டு மக்களே. அவர்கள் போனபின் எஞ்சிய படைக்குக் காடு ஒரு சிறைச்சாலையாயிற்று.

பலன போர் (1602-1603)

கொன்னப்பு பண்டாரன் முதலாம் விமலதர்மசூரியன் என்னும் பெயரில் ஆட்சி செய்தான். முன்பு கோவாவில் போர்த்துக்கேயரிடம் பயிற்சி பெற்றிருந்ததனால் அவர்களது போர்முறையை அவன் நன்கு அறிந்திருந்தான். பலனவை அவன் பலப்படுத்தினான். ஜெரோனிமோ த அசவேது பெரும் படையுடன் வந்து கடும் சண்டையின் பின் பலனவைக் கைப்பற்றினான்.

இனிக் கண்டி வீழ்ந்ததுதான் என்று எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. கோட்டை கிடைத்த வேளையிலேயே லஸ்கரின்கள் கலகம் செய்து கண்டியின் பக்கம் சாய்ந்தனர். அசவேது தான் வென்ற கோட்டையைக் கைவிட்டு, வழியெங்கும் தாக்கப்பட்டவாறே தாழ்நிலத்துக்குப் பின்வாங்க நேர்ந்தது. ஆகவே "பலன போரில் வென்றவர் யார்?" என்று கேட்டால், கோட்டையைப் பிடித்தவரையும் போரை வென்றவரையும் வேறுபடுத்தி எழுதுக. பல மாணவர்கள் தடுமாறும் இடம் இதுவே. நூல்களில் 1602 என்றும் 1603 என்றும் காணப்படுவதையிட்டுக் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒரே படையெடுப்பையே குறிக்கின்றன.

செனரத் மன்னனின் காலத்தில் (1604-1635) போர்த்துக்கேயர் மீண்டும் பலனவில் காவற்படை வைத்தனர். பின்னர் அதையும் இழந்தனர். இரண்டாம் இராஜசிங்கனின் காலத்தில் தியோகோ த மெலோ கண்டி நகரை அடைந்தபோது அது வெறுமையாக இருந்தது. நகரை எரித்துவிட்டுத் திரும்பிய படை 1638 மார்ச் 28 இல் கன்னொருவையில் சூழப்பட்டு அழிந்தது. முன்னைய கதையே இங்கும் நிகழ்ந்தது: உள்ளே வரும் வழி திறந்திருந்தது; வெளியே போகும் வழி அடைபட்டது.

பிரித்தானியர்

1803 இல் பிரித்தானியரும் இதே பாடத்தைக் கற்றனர். பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்த அவர்களது படை ஜூன் மாதத்தில் அங்கேயே அழிக்கப்பட்டது. 1815 இல் நிலைமை மாறியது. எகலப்பொல முந்திய ஆண்டிலேயே பிரித்தானியரிடம் சென்றிருந்தான். மொல்லிகொடவும் பின்னர் அவர்கள் பக்கம் சேர்ந்தான். ஜோன் டொயிலி பிரதானிகளுடன் தொடர்புகளை முன்னரே ஏற்படுத்தியிருந்தான். பெப்ரவரியில் பலன பெரிய எதிர்ப்பின்றிப் பிரித்தானியர் கைக்குப் போனது. அம்மாதம் 18 ஆம் திகதி ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் சிறைப்பட்டான். மார்ச் 2 இல் கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. மலை அதே மலை, கணவாய் அதே கணவாய். மாறியது அதைக் காக்க வேண்டியவர்களின் மனமே.

இதன்பின் பலனவுக்குக் காவற்படை தேவைப்படவில்லை. ஆளுநர் எட்வேர்ட் பான்சின் காலத்தில் கப்டன் டோசனின் மேற்பார்வையில் கடுகண்ணாவை ஊடாகக் கொழும்பு - கண்டி வீதி அமைக்கப்பட்டது. 1829 இல் இறந்த டோசனின் நினைவுக் கோபுரத்தைக் கடுகண்ணாவையில் இன்றும் காணலாம். 1867 இல் புகையிரதமும் கண்டியை அடைந்தது. நாட்கணக்கில் போரிட்டு ஏறிய மலையைப் பயணிகள் சில மணி நேரத்தில் கடந்தனர்.

பயிற்சி வினா

"கண்டி இராச்சியத்தின் பாதுகாப்புக்கு இயற்கை அரண்கள் மட்டும் போதுமானவையாக இருந்தனவா?" 1602-1603, 1815 ஆகிய இரு சந்தர்ப்பங்களிலும் பலன கோட்டைக்கு நேர்ந்ததை ஒப்பிட்டு விடை எழுதுக. (குறிப்பு: முதலாவதில் லஸ்கரின்களையும் இரண்டாவதில் பிரதானிகளையும் கவனிக்க. இலங்கைப் படத்தில் பலன, தந்துறை, கன்னொருவை ஆகியவற்றைக் குறித்துப் பழகுக. மூன்றும் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதால் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்க.)