சாவிக்குக் கட்டுப்படும் விளக்கு

காரில் 55 வாட் மூடுபனி விளக்குகள் இரண்டைப் பொருத்துவதாகக் கொள்வோம். மொத்தம் 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 9 ஆம்பியர் வரும். இவ்வளவு மின்னோட்டமும் சாவி ஸ்விட்ச்சின் வழியே பாய்ந்தால் அதன் தொடுமுனைகள் நாளடைவில் கருகிவிடும். இங்குதான் ரிலே உதவுகிறது. அதன் 85, 86 முனைகளுக்கிடையே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியை, விளக்கு ஸ்விட்ச் வழியாக, 86-இல் இணைக்க வேண்டும். 85-ஐ வண்டியின் உலோக உடலில். சுருளுக்குச் சுமார் 0.15 ஆம்பியரே போதும்! அது காந்தமாகி 30, 87 முனைகளைச் சேர்த்துவிடும். பாட்டரியிலிருந்து 30-க்கும், 87-இலிருந்து விளக்குகளுக்கும் தடித்த கம்பி செல்லும். சாவியை எடுத்ததும் விளக்கு அணைந்துவிடும்.

15 ஆம்பியர் ஃபியூஸை எங்கே வைப்பது? விளக்கருகே என்று சொல்லத் தோன்றும், அது ஆபத்து. நடுவழியில் கம்பி உரசி உடலைத் தொட்டால், பாட்டரிக்கும் அந்த இடத்துக்கும் இடையே ஃபியூஸே இராது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து கம்பி தீப்பற்றும். பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் அதை வையுங்கள்.