5602 துண்டுகளும் ஒரு பெயரும்

எழுதி வைக்கப்பட்டவற்றை மாத்திரமே நாம் பெரும்பாலும் ஆவணம் என்கிறோம். ஊசியும் நூலும் கொண்டு பெண்கள் செய்தவை 'கைவேலை' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கைவேலையும் ஆவணமாகலாம் என்பதற்குச் 'சாம்பிளர் கில்ட்' நல்லதொரு சான்றாகும்.

கில்ட் என்பது மூன்று அடுக்குகள் கொண்ட போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த பகுதி, நடுவே பஞ்சு, கீழே முழுத்துணி. மூன்றையும் ஊடுருவித் தையல் போடுவர். பெரும்பாலான கில்ட்களில் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். சாம்பிளர் கில்டிலோ கட்டத்துக்குக் கட்டம் கோலம் வேறுபடும். அது மாதிரிகளின் தொகுப்பு எனலாம்.

மாதிரிகளைத் தைத்து வைக்கும் வழக்கம் மிகப் பழையது. மம்லூக்கியர் கால எகிப்தில் தைக்கப்பட்ட பூவேலை மாதிரித் துணிகளை ஒக்ஸ்போர்டிலுள்ள அஷ்மோலியன் நூதனசாலையில் இன்றும் காணலாம். இங்கிலாந்தில் ஆண்டு குறிக்கப்பட்டுக் கிடைத்துள்ள மிகப் பழைய மாதிரித் துணி 1598ஆம் ஆண்டுக்குரியது. ஜேன் பொஸ்டொக் என்ற பெயர் அதில் தைக்கப்பட்டிருக்கிறது. கோலப் புத்தகங்கள் அரிதாயிருந்த காலத்தில் இத்தகைய துணிகளே பெண்களின் குறிப்பேடுகளாக இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இவ்வெண்ணம் போர்வைகளிலும் வெளிப்பட்டது. 1840களிலும் 1850களிலும் பால்டிமோர் நகரில் 'அல்பம் கில்ட்'கள் புகழ்பெற்றன. கட்டங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வடிவில் அமைந்தன. பலவற்றில் அழியாத மையினால் பெயர்களும் எழுதப்பட்டன.

இவ்வகையில் என்னை மிகவும் கவர்ந்தது, வெர்மொன்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜேன் ஸ்டிக்கிள் 1863இல் தைத்து முடித்த கில்ட். அதன் நடுப்பகுதியில் வரிசைக்கு 13 வீதம் 169 கட்டங்கள். சுற்றிவர முக்கோணக் கட்டங்கள். மொத்தம் 5602 துணித்துண்டுகள். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. போர்க்காலம் என்பதையும், ஆண்டையும், துண்டுகளின் எண்ணிக்கையையும், தன் பெயரையும் அவர் ஒரு மூலையில் பதித்துவைத்தார். இன்று அது பென்னிங்டன் நூதனசாலையில் உள்ளது. துணி நலிவடைந்துவிடும் என்பதால் ஆண்டில் சில வாரங்களே காட்சிக்கு வைக்கின்றனர்.

இது பொழுதுபோக்கு வேலைதானே என்று எண்ணுவோர் ஒன்பது சதுரங்கள் கொண்ட ஓர் எளிய கட்டத்தைத் தைத்துப் பார்க்கட்டும். முடிவில் 2 அங்குலச் சதுரம் வேண்டுமாயின், தையலுக்காகச் சுற்றிவரக் கால் அங்குலம் விட்டு 2½ அங்குலமாக வெட்ட வேண்டும். மூன்று சதுரங்களை இணைத்துத் தைத்து முடித்தால் 6 அங்குலம் வர வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் நூலளவு பிசகினாலும் அடுத்த கட்டத்துடன் அது பொருந்தாது. சதுரத்திலிருந்து முக்கோணத்துக்கும், அதிலிருந்து வளைவுக்கும் கை படிப்படியாகப் பழகுகிறது. அதனாலேயே புதிதாகப் பழகுவோருக்கு இன்றும் சாம்பிளர் கில்டைக் கொடுக்கின்றனர்.

5602 என்ற எண்ணை விட மூலையிலிருக்கும் அந்தப் பெயரே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. என் உம்மும்மா பூவேலை செய்த தலையணை உறைகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றில் பூக்கள் உண்டு, பெயர் இல்லை. தைத்தது யாரென்று உம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். எனக்குப் பின் வருவோருக்கு அவை யாரோ தைத்த பழைய துணிகள்தான்.

ஆகவே தோழியரே, நீங்கள் தைக்கும் துணி சிறிதோ பெரிதோ, அதன் ஓரத்தில் உங்கள் பெயரையும் ஆண்டையும் தைத்துவிடுங்கள். வீட்டில் மூத்தவர்கள் தைத்தவை இருந்தால், அவர்களிடமே கேட்டு அவர்களின் பெயர்களையும் குறித்துவையுங்கள்.