கோப்பின் மறைந்த பண்புகள்

ஒப்படைகள் நிறைந்த பென் ட்ரைவைக் கணினியில் செருகுகிறோம். திரையில் எதுவுமில்லை, ஆனால் இடம் நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. "எல்லாம் அழிந்துவிட்டது" என்று முடிவெடுத்து அதை ஃபோர்மட் செய்துவிட்டால் உண்மையிலேயே இழப்புத்தான். கோப்புகள் மறைக்கப்பட்டு மட்டும் இருக்கலாம்.

ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், அளவு, திகதி ஆகியவற்றோடு சில பண்புகளும் பதியப்படுகின்றன. எம்.எஸ்.டொஸ் காலம் முதல் வழங்கிவரும் நான்கு பண்புகளையும் அவற்றின் எண் பெறுமானங்களையும் அறிந்துகொள்வோம்.

ஆர் (1): வாசிக்க மட்டும்.
எச் (2): மறைக்கப்பட்டது.
எஸ் (4): இயங்குதளத்துக்குரியது.
ஏ (32): கடைசிக் காப்புப் பிரதிக்குப் பின் மாற்றப்பட்டது.

கோப்புறை என்பதற்கான பெறுமானம் 16. இவையனைத்தும் ஒரே பைட்டில் அடங்கும். ஒரு பதிவில் 22 என்றிருந்தால், 16+4+2 எனப் பிரிக்கலாம். அதாவது, அது மறைக்கப்பட்ட, இயங்குதளத்துக்குரிய கோப்புறை. பென் ட்ரைவ் வைரசுகள் சில நம் கோப்புறைகளை இவ்வாறே மாற்றிவிட்டு, அதே பெயரில் போலிக் குறுக்குவழிகளை வைக்கின்றன. அவற்றைச் சொடுக்கக் கூடாது.

விண்டோசின் கட்டளைச் சாளரத்தில் 'டிர்' கட்டளை கோப்புகளைப் பட்டியலிடும், மறைந்தவற்றைக் காட்டாது. அதன்பின் சாய்கோடும் ஏ எழுத்தும் சேர்த்தால் அனைத்தின் பெயர்களும் வரும். ஆயினும் பண்பு எழுத்துகள் வரமாட்டா. அவற்றைக் காட்டுவது 'அட்ரிப்' கட்டளை. பண்பு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் ஆறு எழுத்துகளே அது. அதனுடன் கோப்புறையின் பெயரைத் தந்தால், எஸ், எச் எழுத்துகள் முன்னால் தெரியும். பவர்ஷெல்லில் 'மோட்' என்ற நிரலே இவ்வெழுத்துகளைக் காட்டும்.

மீட்பது எப்படி? முதலில் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் பென் ட்ரைவைச் சுத்தம் செய்க. பின் அட்ரிப், கழித்தல் எஸ், கழித்தல் எச், கோப்புறையின் பெயர் என இடைவெளி விட்டுத் தட்டச்சிடுக. இரண்டையும் ஒன்றாகவே நீக்க வேண்டும். எச்சை மட்டும் நீக்க முயன்றால் கட்டளை மறுத்துவிடும். சி ட்ரைவில் இதைச் செய்யாதீர்கள். அங்குள்ளவை காரணத்தோடே மறைக்கப்பட்டுள்ளன.

பெற்றோர் கவனத்துக்கு: இப்பண்புகள் அடையாளச் சீட்டுகளே, பூட்டுகள் அல்ல. மறைத்து வைத்த குடும்பப் படங்களை இக்கட்டளை அறிந்த எவரும் காணலாம். பாதுகாப்புக்குக் கடவுச்சொல்லும், இழப்பைத் தவிர்க்க இன்னொரு பிரதியும் வேண்டும்.

பயிற்சி: ஒரு கோப்பின் பண்பு எண் 35. அதன் பண்புகள் எவை?