தீவுகளை மூழ்கடித்தது கடல் மட்டுமா?

இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் என்றே இன்றும் சொல்கிறோம். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் கணக்கு அது. அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் நீருக்கடியில் போய்விட்டன. இந்தத் தீவுகளைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளைச் சரிபார்த்தாக வேண்டும்.

நம்பிக்கை: கடல் மட்டம் உயர்ந்தது, தீவுகள் மூழ்கின.

பழியைக் கடல்மீது போடுவது எளிது. ஆனால் பல பத்தாண்டுகளாகத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாரை உடைத்து, வள்ளத்தில் ஏற்றி, சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் கொண்டுபோனவர்கள் மனிதர்கள். அலையின் வேகத்தைக் கரைக்கு வெளியிலேயே தணிப்பது பார்தான். அது போனபின் அலை நேராக மணலில் மோதியது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வெட்டுவது நிற்க 2005 வாக்கில் ஆனது. ஏற்கெனவே காயம்பட்ட தீவுகளைத்தான் கடல் மட்ட உயர்வு இப்போது நெருக்குகிறது.

தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1986-இல் சுமார் 16 ஹெக்டேர். 2014-இல் ஏறத்தாழ 2 ஹெக்டேர்தான் மிஞ்சியது. 2015-க்குப் பிறகு தமிழ்நாடு அரசு, சென்னை ஐஐடி, தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து தீவின் முன்னால் செயற்கைப் பார்களை இறக்கின. மணல் மறுபடி சேரத் தொடங்கியது. மனிதர் கெடுத்ததை மனிதர் ஓரளவு சீராக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து நம் கடற்கரையில் இல்லை.

நம்பிக்கை: செயற்கைக்கோளுக்கு எல்லாம் தெரியும்.

சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். பழைய லேண்ட்சாட் படங்களில் 30 மீட்டர். கரை நகர்வதைக் காட்ட அது போதும், அதுவும் ஏற்றம், வற்றம் பார்த்து ஒப்பிட்டால். ஒரு படம் வற்றத்திலும் மற்றொன்று ஏற்றத்திலும் எடுத்ததாக இருந்தால், தட்டையான மணல் தீவு தேய்ந்ததுபோலத் தோன்றும். நங்கூரம் உடைத்த பவளக் கிளையும், மிதித்த காலும் எந்தப் படத்திலும் விழாது. இலங்கையில் திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவில் பார் ஆழமில்லாத நீரில் இருக்கிறது; அங்கே பயணிகள் மிதிப்பதைப் பார்க்கக் கரையில் ஓர் ஆள்தான் வேண்டும். நம் பக்கத்தில் நீருக்குள் இறங்கும் ஆய்வாளர்களுக்கும், பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் தெரிவது வானிலிருந்து தெரியாது.

நம்பிக்கை: வெளுத்த பவளம் செத்த பவளம்.

இல்லை. வெப்பம் தாங்காமல், தன்னுள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசியைப் பவளம் வெளியேற்றிவிடுகிறது. நிறம் போகிறது, உயிர் இருக்கிறது. சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் மீளும். 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் பெருமளவு வெளுப்பு நேர்ந்தது.

செயற்கைக்கோளின் பெரிய உதவி இங்கேதான். வழக்கமான கோடை உச்சத்தைவிடக் கடல் எத்தனை டிகிரி கூடுதலாக, எத்தனை வாரம் சுட்டது என்று அது கூட்டிக்கொண்டே வருகிறது. 2 டிகிரி கூடுதல் சூடு இரண்டு வாரம் நீடித்தால் கணக்கு 4: வெளுக்கும் அபாயம். 8-ஐத் தொட்டால் சாவு தொடங்கலாம். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் 2011 முதல் இந்தியப் பவளப்பாறைகளுக்கு வெளுப்பு எச்சரிக்கை தந்துவருகிறது.

நம்பிக்கை: மீன்பிடித் தடைக்காலத்தில் கடல் ஓய்வெடுக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த வருமான இழப்பை மீனவர் ஏற்கிறார். பள்ளி விடுமுறையும் அப்போதுதான், நீர் உச்சமாகச் சுடுவதும் அப்போதுதான். பவளம் மிகவும் தளர்ந்திருக்கும் வாரங்களில் சுற்றுலாப் படகு மட்டும் வழக்கம்போல் ஓடலாமா? வெளுப்பு கண்டபோது தாய்லாந்து 2011-லும் 2016-லும் பல முக்குளிப்பு இடங்களை மூடியது. பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் போகும் படகுகளுக்கும் அப்படி ஒரு விதி வேண்டும்: வெப்பக் கணக்கு 4-ஐத் தொட்டால், பாரின்மேல் படகு போகக் கூடாது, படகோட்டிகளுக்கு அந்த நாட்களின் கூலியை அரசு தர வேண்டும்.